நாற்பத்தொன்றாம் இடம்

ஜனவரி 6, திங்கள். புதுக்கோட்டை

முப்பத்தொன்பதாம் இடம் முடிந்தது. செங்கணாம்பட்டி மணிப்பாறை. பேருந்து நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். இன்று நடந்து பார்த்தால் இரண்டே முக்கால். நான்கு வருடத்துக்கு முன்னால் என் முழங்கால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்க வேண்டும். திருத்திக்கொண்டேன்.

பாறை அப்படியே இருக்கிறது. கூழாங்கல்லால் தட்டினால் வெண்கலப் பானையைத் தட்டிய சத்தம். ஏழு இடங்களில் ஏழு விதம். தட்டித் தட்டி அந்த ஏழு இடங்களும் வெள்ளை வெள்ளையாகக் குழிந்துவிட்டன. முன்பு அந்தக் குழிகள் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், "ஞாயித்துக்கெழமையானா கார்ல வர்றாக. புஸ்தகத்தக் கையில வச்சுக்கிட்டுத் தட்டுறாக" என்றார். அந்தப் புத்தகம் என்னுடையது என்று நான் சொல்லிக்கொள்ளவில்லை.

'பலகை இல்லாத ஊர்கள்.' அறுபது இடங்கள். பெரிய கோயில், அருவி, கோட்டை எதுவும் கிடையாது. யாரும் போகாத, போனால் ஆச்சரியப்படுகிற சின்ன இடங்கள் மட்டும். வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருடம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவளுக்கு, ஐம்பத்தைந்தாம் வயதில் இப்படி ஒரு புத்தகம் வாய்த்தது. அது விற்கும் என்று நானும் நினைக்கவில்லை, பதிப்பாளர் சௌந்திரபாண்டியனும் நினைக்கவில்லை. இப்போது இரண்டாம் பதிப்பு. அறுபதையும் திரும்பப் பார்த்து வழி, தூரம், பேருந்து நேரம் எல்லாம் சரிசெய்து தர வேண்டும். பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில்.

ஜனவரி 7, செவ்வாய்

நாற்பது: சண்டைக் கிடாவுக்கு எடுத்த நடுகல். ரேஷன் கடைக்குப் பின்னால் நிற்கிறது. கொம்பை முன்னால் நீட்டிய கிடா, கீழே ஒன்றரை வரி எழுத்து. போன தடவை கல்லின் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். இந்தத் தடவை அதைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, பூட்டிச் சாவியைத் தலைவர் வீட்டில் வைத்திருக்கிறார்கள். தலைவர் வெளியூர். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

ரேஷன் கடையில் சர்க்கரை நிறுத்தவர், "தனியாவா வந்தீங்க? இதப் பாக்கவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வீட்ல யாரும் இல்லையா?" இல்லை என்றேன். அதற்குமேல் அவருக்கும் கேட்க ஒன்றுமில்லை.

ஜனவரி 9, வியாழன்

மழை. லாட்ஜிலேயே இருந்தேன். இரண்டு புடவை துவைத்தேன். காயவில்லை.

ஜனவரி 10, வெள்ளி. இராமநாதபுரம்

நாற்பத்தொன்றுக்கு மேற்கே தேனிப் பக்கம் போக வேண்டும். இங்கிருந்து கடற்கரைக்குப் பேருந்து சுலபம். அதனால் முதலில் நாற்பத்திரண்டு.

கடலை விட்டு விலகி நிற்கும் பழைய கலங்கரை விளக்கம். கடல்தான் விலகிப் போயிருக்கிறது. நடுவில் உடைமரக் காடு. உள்ளே ஏறப் படிகள் இருந்தன, இப்போது பாதிக்கு மேல் இடிந்துவிட்டன. 'மேலே ஏறினால் கடல் தெரியும்' என்ற வரியை அடித்தேன். 'உள்ளே ஏறக் கூடாது' என்று எழுதி இரண்டு முறை கோடிட்டேன். படியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, எந்தப் படியிலிருந்து இடிந்திருக்கிறது என்றுகூடக் குறித்துக்கொண்டேன். பதினெட்டாம் படி. இவ்வளவு வேண்டாம்தான். ஆனாலும் குறித்தேன்.

ஜனவரி 12, ஞாயிறு

சௌந்திரபாண்டியன் போன் செய்தார்.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க மேடம்?"

"நாப்பத்திரண்டு முடிஞ்சுது."

"அப்ப நாப்பத்தொண்ணும் பாத்தாச்சு."

"அது இன்னும் இல்ல. வரிசையா போகல."

பிறகு, "அதுக்கு நீங்க அவ்வளவு தூரம் போகணும்னு இல்லைங்க. 'மழைக்காலத்தில் கவனம் தேவை'ன்னு ஒரு வரி சேத்துட்டாப் போதும்" என்றார். சரி என்றேன். அவர் நல்லவர். அவருக்கும் அலுப்பு.

முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன். அறையெல்லாம் அதே வாடை.

ஜனவரி 14, செவ்வாய். பொங்கல்

கடைகள் இல்லை. லாட்ஜில் சமைக்கிற அம்மாள் வாழையிலையில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார். கீழே கூடத்தில் ஒரு குடும்பம். மகனுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். கடலில் குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டாமலே உட்கார்ந்திருந்தான். அப்பா பின்னாலிருந்து துண்டால் அவன் தலையைத் துவட்டிக்கொண்டே திட்டினார். நான் பாதியில் எழுந்து மேலே வந்துவிட்டேன். பொங்கலில் நெய் அதிகம்.

ஜனவரி 16, வியாழன்

நாற்பத்து மூன்றாம் இடம். வண்டி நிற்காத ரயில் நிலையம். டிக்கெட் ஜன்னல், மணி, கல் பெஞ்சு எல்லாம் உண்டு. பாதை அகலமானபோது தண்டவாளத்தை அரை மைல் தள்ளிப் போட்டுவிட்டார்கள். இப்போது அந்த நடைமேடையில் ஊரார் மிளகாய் காயப்போடுகிறார்கள்.

அங்கே மூன்று பெண் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மதுரையில் ஒரே ஆபீசில் வேலை. வாடகைக் கார். ஒருத்தி கையில் என் புத்தகம். பின்னட்டைப் படத்தைப் பார்த்து என்னை அடையாளம் கண்டுவிட்டாள்.

"மேடம்! நீங்கதானே? நீங்க எழுதுனதப் படிச்சுத்தான் நாங்க ஒவ்வொரு லீவுக்கும் கெளம்புறோம்."

கையெழுத்து வாங்கினார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அவள் சொன்னாள்: "சனிக்கிழம தொட்டிச்சுனை போறோம் மேடம். நாப்பத்தொண்ணு. எங்க மூணு பேருக்குமே நீச்சல் வராது. அதான் இந்த எடத்தத் தேடிப் புடிச்சோம்."

"அங்க வேணாம்" என்றேன்.

"ஏன் மேடம்?"

"பாதை அடைச்சுட்டாங்க."

"இல்லையே, விசாரிச்சுட்டோமே. தொறந்துதான் இருக்காம்."

"போனாலும் தண்ணியில எறங்காதீங்க."

அவள் புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, எனக்கே படித்துக் காட்டினாள். 'இடுப்பளவு நீர். நீச்சல் தெரியாதவர்களும் தயக்கமின்றி இறங்கலாம்.'

"நீங்கதானே மேடம் எழுதியிருக்கீங்க?"

"ஒருத்தர் அங்க தவறிட்டாரு. ரெண்டு வருசமாச்சு" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். "அது இதுல போடலையே மேடம்" என்றாள் இன்னொருத்தி. குற்றம் சாட்டவில்லை, கேட்டாள். அடுத்த பதிப்பில் வரும் என்றேன். கிளம்பும்போது அவர்கள் முன்போல் சிரிக்கவில்லை.

அவர்கள் போன் நம்பரை வாங்கியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

நேற்று முழுக்க ஒன்றை எழுதாமல் தவிர்த்தேன். நேற்று மட்டுமில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், நவம்பரில், தொட்டிச்சுனையில் நவநீதன் என்ற பையன் மூழ்கிச் செத்துப்போனான். இருபத்தொரு வயது. பாலிடெக்னிக் கடைசி வருடம். மூன்று நண்பர்களோடு வந்தவன். அவன் பையில் என் புத்தகம் இருந்தது. செய்தித்தாளில் நான்கு வரி வந்தது. சௌந்திரபாண்டியன்தான் படித்துக் காட்டி, "நாம ஒண்ணும் பண்ண முடியாது மேடம். வெள்ளம் வந்தா யார் என்ன செய்ய முடியும்" என்றார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். மே மாதத்தில் பார்த்து எழுதினோம், அவன் நவம்பரில் போனான் என்று.

அடுத்த மாதம் பையனுடைய அப்பா பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். குழந்தைவேலு என்று பெயர், பல்லடத்தில் நூல் மில்லில் ஃபிட்டர். குண்டு குண்டான எழுத்து. திட்டு இல்லை, வழக்கு மிரட்டல் இல்லை. 'அம்மையீர், தாங்கள் அந்தச் சுனைக்குப் போனபோது எந்த மாதம், தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். மகன் அவசரப்பட்டு இறங்கிவிட்டான் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.' அவ்வளவுதான்.

நான் பதில் எழுதவில்லை. மே மாதம் என்று எழுதலாம். ஆனால் 'தாங்கள் போனபோது' என்று கேட்டிருக்கிறாரே.

நான் போகவில்லை.

மலையடிவாரம் வரை போனேன். மேலக்கரட்டூரில் பேருந்து திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஏற்றம். அன்றைக்கு முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கடையில் உட்கார்ந்திருந்த ஒருவரைக் கேட்டேன், அவர் சொன்னார், எழுதிக்கொண்டேன். உச்சிவேளையில் பாறைப் பிளவு வழியாக வெயில் இறங்கி நீர் பச்சையாகப் பற்றி எரியும் என்று எழுதினேனே, அதுவும் அவர் சொன்னதுதான். 'பற்றி எரியும்' மட்டும் என்னுடையது. அந்தப் பக்கத்தைத்தான் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஐம்பத்தொன்பது இடங்களை நேரில் பார்த்தேன். ஒன்றைத்தான் பார்க்கவில்லை.

நாளை அந்தப் பெண்கள் அங்கே போகிறார்கள். காலை முதல் பேருந்தில் கிளம்புகிறேன்.

ஜனவரி 18, சனி. மேலக்கரட்டூர்

மதுரையில் பேருந்து தாமதம். உசிலம்பட்டியில் இன்னொன்று மாறி வந்து சேர்ந்தபோது மணி இரண்டு. டீக்கடை அதே இடத்தில் இருக்கிறது. கூரை மட்டும் தகரமாகியிருக்கிறது. கார் எதுவும் நிற்கவில்லை. கடைக்காரி ஒச்சம்மாளிடம் மூச்சு வாங்கக் கேட்டேன், மூன்று பெண்கள் வந்தார்களா என்று.

"வந்துச்சுக. நான் மேல விடல. தேனீ கலைஞ்சு கெடக்கு, கொட்டுனா மூஞ்சி வீங்கிரும்னு சொன்னேன். மூஞ்சின்னதும் திரும்பிருச்சுக."

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

"வர்றவங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்றீங்களா?"

"ஆளப் பாத்துச் சொல்லுவேன். சிலருக்குத் தேனீ. சிலருக்குக் கரடி. குடிச்சுப்புட்டு வர்றவய்ங்களுக்கு அந்தப் பையன் செத்ததச் சொல்லுவேன். ரெண்டு வருசமா இதே பொழப்பாப் போச்சுக்கா."

பிறகு என் முகத்தையே பார்த்தாள். "நீங்க முன்ன வந்திருக்கீங்கள்ல? முழங்காலுக்கு ஒத்தடம் குடுக்கன்னு எங்கிட்டச் சுடுதண்ணி வாங்குனீங்க. எங்க சித்தப்பாகிட்டக் கேட்டுக் கேட்டு நோட்டுல எழுதுனீங்க."

ஆமாம் என்றேன்.

"மேல ஏறல நீங்க. அடுத்த பஸ்சுக்குப் போயிட்டீங்க."

ஆமாம் என்றேன்.

அவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பால் பொங்கியது. இறக்கி வைத்தாள். "போலீசு வந்துச்சு, பேப்பர்க்காரங்க வந்தாங்க. யாரும் எங்கிட்ட இதக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

கடைக்குப் பின்னாலிருக்கும் அறையில் தங்கிக்கொள்ளச் சொன்னாள். நாளைக் காலை என்னை மேலே கூட்டிப்போவதாகவும் சொன்னாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ஏறினேன்.

ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒச்சம்மாள் தனியாகப் போனால் ஒரு மணி நேரமாம். என் பொருட்டு இருபது தடவை உட்கார்ந்தாள். ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. கடைசி ஏற்றத்தில் நான் கையை ஊன்றித் தவழ்ந்தேன்.

சின்ன இடம். நான் எழுதியதிலிருந்து ஒரு பெரிய மண்டபம் மாதிரி மனத்தில் வைத்திருந்தேன். ஒரு வீட்டு முற்றம் அளவுதான் இருக்கும். மூன்று பக்கமும் பாறை, ஒரு பக்கம் இறங்க வழி. தண்ணீர் கறுப்பு. உச்சிவேளை வரை காத்திருந்தேன். வெயில் உள்ளே வரவே இல்லை. "சித்திர, வைகாசியில மட்டுந்தான் வரும். மத்த மாசம் இப்படித்தான் இருட்டா இருக்கும்" என்றாள். அப்படியானால் அந்தப் பையன் நவம்பரில் வந்து அந்தப் பச்சையையும் பார்த்திருக்க மாட்டான்.

நான் கொண்டுவந்த கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சு போட்டிருந்தேன். நுனியில் கல்லைக் கட்டி இறக்கினோம். இறங்கும் பக்கத்தில் தண்ணீருக்குள் ஒரு பாறைத் திட்டு இருக்கிறது. அதன்மேல் இப்போது மார்பளவு. கோடையில் அங்கே இடுப்பளவு இருக்கும், பொய்யில்லை. அவள் சித்தப்பா சொன்னது அந்தத் திட்டைத்தான். நான்காவது எட்டில் திட்டு முடிந்துவிடுகிறது. பக்கத்துப் பாறைமேல் நின்று அங்கே கல்லை இறக்கினேன். பன்னிரண்டு முடிச்சு போயும் அடி தட்டவில்லை. கயிறு தீர்ந்துவிட்டது.

மேலேயிருந்து பார்த்தால் திட்டு எங்கே முடிகிறதென்று தெரியாது. யாருக்கும் தெரியாது.

"கூட வந்த பயலுக கத்திக்கிட்டே எறங்கி ஓடியாந்தாய்ங்க. எங்க சித்தப்பாவும் இன்னும் ரெண்டு பேருந்தான் தூக்குனாங்க. அதுக்கப்புறம் மனுசன் சரியாவே சாப்புடல. போன வருசம் போயிச் சேந்துட்டாரு" என்றாள் ஒச்சம்மாள். "கட்டுச்சோறு கொண்டாந்திருக்கேன். சாப்புடுங்க. எறங்கணும்ல."

சாப்பிட்டேன். பசித்தது. அதை நினைத்தாலும் இப்போது என்னவோபோல் இருக்கிறது.

ஜனவரி 20, திங்கள்

கால் மடக்க முடியவில்லை. படுத்தபடியே நாற்பத்தொன்றாம் இடத்தை எழுதினேன். வழி, தூரம், திட்டு, ஆழம். இறங்கக் கூடாது. கடைசியில் இதையும் சேர்த்தேன்: 'முதல் பதிப்பில் இந்தப் பகுதியை நேரில் பார்க்காமல், கேட்டு எழுதினேன். நீரின் அளவைத் தவறாகச் சொன்னேன். அதை நம்பி இறங்கிய ஒருவர் உயிரிழந்தார். தவறு என்னுடையது.'

ஜனவரி 21, செவ்வாய்

பதிப்பாளரிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"இதப் போட முடியாதுங்க மேடம். வக்கீல் என்னைக் கொன்னுருவாரு."

"அப்ப என் பேரு போடாதீங்க. புத்தகமே வேணாம்."

"ஒரு எடத்துக்காக அம்பத்தொம்பது எடத்த விடுறீங்களா?"

"அந்த ஒரு எடத்தப் படிச்சுட்டு அந்தப் பையன் போனானே சார். பழைய பதிப்புல மிச்சம் இருக்கறதையும் கடைங்கள்ல இருந்து திருப்பி வாங்கிருங்க."

யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போனை வைத்துவிட்டார்.

ஜனவரி 23, வியாழன். சென்னை

வீட்டுக்கு வந்தேன். பூட்டின வீட்டு வாடை. குழாயில் தண்ணீர் வரவில்லை.

குழந்தைவேலுவுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் என் முழங்கால் வந்துவிட்டது. ஐந்தாவதில் முழங்கால் இல்லை. நான் போகவில்லை, கேட்டு எழுதினேன், இப்போது போய் அளந்தேன், உங்கள் மகன் அவசரப்படவில்லை, நான் எழுதியதை நம்பி இறங்கியிருக்கிறார் என்று ஒரே பக்கத்தில் முடித்தேன். போன் நம்பரையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஜனவரி 28, செவ்வாய்

ஒன்றுமில்லை. மாவு அரைத்தேன்.

பிப்ரவரி 1, சனி

சௌந்திரபாண்டியன் வீட்டுக்கே வந்தார். இரண்டாம் பதிப்பு இல்லை. கடைகளிலிருந்து மீதியைத் திரும்ப வரவழைக்கிறாராம். "நீங்க அன்னைக்கே எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் மேடம்" என்றார். காப்பி கொடுத்தேன். பாதி குடித்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பத்து மணிக்குப் போன் வந்தது. தெரியாத நம்பர்.

"நானுங்க, குழந்தைவேலு. பல்லடத்துல இருந்துங்க. காயிதம் வந்துச்சுங்க."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்பு என்று ஏதோ தொடங்கினேன். அவர் அதைக் கேட்கவில்லை.

"அங்க எப்படிப் போறதுங்க? நான் இன்னும் அந்த எடத்தப் பாக்கலைங்க. அன்னிக்கு ஆஸ்பத்திரியிலயே பையனக் காமிச்சு அனுப்பிட்டாங்க."

நானே கூட்டிப்போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு என்றார்.

பிப்ரவரி 9, ஞாயிறு. மேலக்கரட்டூர்

நேற்றே வந்து காத்திருந்தேன். காலைப் பேருந்தில் இறங்கினார். ஒடிசலான மனிதர், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு மஞ்சள் பை. என்னைப் பார்த்துக் கும்பிடவில்லை. "போலாங்களா?" என்றார்.

ஒச்சம்மாள் முன்னால், அவர் நடுவில், நான் பின்னால். நான் பின்தங்கும்போது மட்டும் அவர் நின்றார், திரும்பிப் பார்க்காமல்.

சுனை வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். "எந்த எடமுங்க?" ஒச்சம்மாள் காட்டினாள். போய்க் குந்தி உட்கார்ந்து கையைத் தண்ணீரில் வைத்தார். "சில்லுனு இருக்குதுங்க" என்றார். அரை மணி நேரம் கையை எடுக்கவேயில்லை. நான் அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்றேன். அவர் முன்னால் சாய்ந்தால் சட்டையைப் பிடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். அவர் சாயவில்லை.

பிறகு தண்ணீரைப் பார்த்தபடியே பேசினார்.

"போறதுக்கு முந்தின நாளு எங்கிட்ட வந்து நின்னானுங்க. தண்ணி ஆழமாடான்னு கேட்டனுங்க. உங்க பொஸ்தகத்த எடுத்துக் காமிச்சான். நானே வாங்கிப் படிச்சனுங்க. அவங்கம்மா வேண்டான்னா. நான்தான் சொன்னனுங்க, 'அச்சுல போட்டிருக்குதல்ல, அப்புறமென்ன'ன்னு."

தண்ணீருக்குள் கையை ஒருமுறை திருப்பினார்.

"அதுக்கப்புறம் அவ எங்கூடப் பேசறதில்லைங்க. ரண்டு வருசமாச்சு. சோத்தப் போட்டு மூடி வெச்சிருவா. நான் எடுத்துத் தின்னுக்குவேன். ஒரு வார்த்தை கெடையாது. நீங்க எழுதுன காயிதத்தக் காமிச்சனுங்க. கையில வாங்கல. அச்சுல இருந்தத நம்பித்தான் பையன அனுப்புன, இப்ப இத நம்பச் சொல்றயாங்கற மாதிரி ஒரு பார்வை பாத்தா."

எழுந்து கையை வேட்டியில் துடைத்தார். அப்போதுதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார்.

"நீங்களே வந்து சொல்லுங்க அவகிட்ட."

வருகிறேன் என்றேன். வேறு எதையும் அவர் என்னிடம் கேட்கவில்லை.

பிப்ரவரி 10, திங்கள். பல்லடம்

மில்லுக்குப் பின்னால் ஓட்டு வீடு. குழந்தைவேலுவின் மனைவி பெயர் சரஸ்வதி. ஐம்பதுக்குள்தான் இருக்கும், தலை முழுக்க நரை. வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கணவர் என்னைக் காட்டி, "அந்தப் பொஸ்தகம் எழுதுனவங்க" என்றார். சரஸ்வதி முறத்தை நகர்த்தவில்லை. நான் வாசற்படியில் கீழே உட்கார்ந்தேன். முழங்கால் மடங்க வெகுநேரம் ஆயிற்று.

சொன்னேன். மலையடிவாரத்தோடு திரும்பியதைச் சொன்னேன். டீக்கடையில் கேட்டதைச் சொன்னேன். அங்கே நிற்கிறவர் யாருக்கும் திட்டு எங்கே முடிகிறதென்று தெரியாது என்றேன். பையன் அவசரப்படவில்லை, பார்த்துப் பார்த்துத்தான் இறங்கியிருப்பான் என்றேன். "உங்க வீட்டுக்காரரு படிச்சுப் பாத்துட்டுத்தான் அனுப்பியிருக்காரு. படிச்சவர் மேல தப்பில்லைங்க. நான் பாக்காமலே எழுதிட்டேன்."

அவர் கை கீரையிலேயே நின்றது.

"போகாமயே எழுதுனீங்களா?"

"ஆமாங்க."

"போகாமயே, எறங்கலாம்னு எழுதுனீங்களா?"

"ஆமாங்க."

மூன்றாம் தடவையும் அதையே கேட்டார். அதற்கும் ஆமாம் என்றேன். அப்போது அவர் அழுதார். சத்தமாக இல்லை. கீரை ஈரமாகிவிடக் கூடாது என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். குழந்தைவேலு வேலியோரம் நின்றார், பக்கத்தில் போகவில்லை.

வெகுநேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்களையப் பாக்க எனக்குப் புடிக்கலைங்க. நீங்க போங்க" என்றார்.

எழ முயன்றேன். குழந்தைவேலு கைகொடுக்க முன்னால் வந்து, மனைவியைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார். நிலையைப் பிடித்துக்கொண்டு நானே எழுந்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வேலிப் படலைத் திறந்தேன்.

பின்னால் சரஸ்வதியின் குரல் கேட்டது. என்னிடம் பேசவில்லை.

"ஏனுங்க, வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க. நேத்திருந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டீங்க."

குழந்தைவேலு செருப்பைக் கழற்றிக்கொண்டே, "வர்றேன்" என்றார்.

நான் திரும்பிப் பார்க்காமல் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன்.